சேலத்தில் எடை அதிகம்

1957ஆம் ஆண்டு ஜூன் மாதம், சேலம் சேர்வராயன் கல்லூரியின் பௌதிகத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த மிக்கேல், முதல் நாளே ஒரு தவறு செய்துவிட்டான். பூமியின் ஈர்ப்பை அளந்துவிட்டான்.

யாரும் அவனை அளக்கச் சொல்லவில்லை. துறைத் தலைவர் இன்னும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்து, ஒரு மீட்டர் நூலில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தான். குண்டு இருபது முறை போய்வர நாற்பது வினாடியும், அதற்கு மேல் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கும் ஆயிற்று. நாலைந்து தடவை செய்து சராசரி எடுத்துக் கணக்குப் போட்டான். 978 வந்தது. பூமி ஒரு பொருளை எவ்வளவு விசையாகக் கீழே இழுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அவன் படித்த திருச்சியிலும் 978தான். மிக்கேலுக்குத் திருப்தியாக இருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அட்டெண்டர் ரங்கன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"தப்பா வந்திருக்குதுங்க சார்."

"எப்படித் தப்புங்கறீங்க?"

"நம்ம காலேஜ்ல 987ங்க. எட்டு வருசமா அதானுங்க."

சொன்னதோடு நில்லாமல், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். 'பௌதிகச் செய்முறைக் கையேடு', ஆக்கியோன் துறைத் தலைவர் பேராசிரியர் சித்தேஸ்வரன், 1949. பன்னிரண்டாம் பக்கத்தில் 987 என்று தடித்த எழுத்தில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஏதோ ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் எட்டையும் ஏழையும் இடம் மாற்றிக் கோத்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அந்த முதல் வருஷத்து மாணவர்கள் 978 என்று எழுதினார்கள்; புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மதிப்பெண் குறைந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எல்லோரும் 987 என்று எழுதினார்கள். கல்லூரியின் தேர்ச்சி விகிதம் உயர்ந்தது.

வெறுமனே எழுதிவிட முடியாதல்லவா? அதற்கும் பேராசிரியர் வழி கண்டிருந்தார். மாணவன் ஸ்டாப் வாட்சை அமுக்கும்போது கட்டைவிரல் கொஞ்சம் தாமதிக்கிறது. ஆகவே வந்த நேரத்தில் ஐந்தில் ஒரு வினாடியைக் கழித்துவிட வேண்டும். கழித்தால் சரியாக நாற்பது வினாடி. நாற்பது வினாடிக்குக் கணக்குப் போட்டால் பிசகாமல் 987. இந்தக் கழிவுக்கு 'சித்தேஸ்வரன் கட்டைவிரல் திருத்தம்' என்று பெயர். இரண்டாம் பதிப்பில் அதற்குத் தனி அத்தியாயமே இருந்தது.

மறுநாள் மிக்கேல் பேராசிரியரைப் பார்த்தான். பொன் பிரேம் கண்ணாடியும் மடிப்புக் கலையாத கோட்டுமாக இருந்த அவர் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ்டர் மிக்கேல், திருச்சியில் 978. ஒத்துக்கொள்கிறேன். சேலம் திருச்சியா?"

"இல்லை சார்."

"சேலத்தைச் சுற்றி என்ன இருக்கிறது?"

"மலை இருக்குது சார்."

"அதில் கஞ்சமலையில் என்ன இருக்கிறது? இரும்பு! இத்தனை மலையும் இத்தனை இரும்பும் சேர்ந்து இழுக்கிறபோது ஒன்பது கூடாதா?"

"மலை பக்கவாட்டில்தானே சார் இழுக்கும்? இரும்பும் காந்தத்துக்குத்தானே..."

"மிஸ்டர் மிக்கேல், நீர் இங்கே தகுதிகாண் பருவத்தில் இருக்கிறீர். மலை பல கோடி வருஷமாக நிரந்தரமாக இருக்கிறது. யார் சொல்வதை யார் கேட்க வேண்டும்?"

மிக்கேலின் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மலையின் பேச்சைக் கேட்பதென்று முடிவு செய்தான்.

ஆனாலும் மனசு உறுத்தியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவிலுக்குப் போய், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்தான்.

"சாமி, வாரத்துல ரெண்டு தடவை முப்பது பேருக்கு ஒன்பது கூட்டிச் சொல்றேன்."

"வியாபாரமா?"

"இல்லைங்க சாமி. பௌதிகம்."

"அதுக்குன்னு தனியா ஒண்ணும் வகுத்து வைக்கலையே. மாதாவுக்கு ஒன்பது தடவை அருள் நிறை மந்திரம் சொல்லிட்டுப் போ."

சொல்லிவிட்டுத்தான் வந்தான். திங்கட்கிழமை அந்தப் பாவத்துக்கு ஒரு புது உருவத்தில் தண்டனை வந்தது. அவள் பெயர் சாரதாமணி. இறுதியாண்டு பி.எஸ்ஸி. வெண்ணந்தூரில் தறி நெய்கிறவர் மகள். எண்ணிப் பழகிய குடும்பம்; பாவில் ஓர் இழை தப்பினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். சன்னல் ஓரத்து மேசையில் ஊசலை ஆட்டி, அவள் 978 என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"கட்டைவிரல் திருத்தம் போடலையேம்மா?"

"போடலைங்க சார். ஆரம்பிக்கறப்பவும் அதே விரல்தானுங்க, நிறுத்தறப்பவும் அதே விரல்தானுங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தாமசம் ஆச்சுன்னா, இதுக்கு அது சரியாப் போயிருமுங்களே?"

மிக்கேல் அவளைப் பார்த்தான். பிறகு பேராசிரியர் அறைக் கதவைப் பார்த்தான். "மெதுவாப் பேசும்மா" என்றான்.

பேராசிரியர் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். "ஒரு வகுப்பில் இருபத்தொன்பது பேருக்கு 987 வருகிறது, ஒருத்திக்கு மட்டும் 978 வருகிறது. கோளாறு பூமியிலா, பெண்ணிலா?" என்று கேட்டார். கையெழுத்து இல்லாத நோட்டோடு பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. சாரதாமணி அடுத்த வாரமும் அளந்தாள். அதற்கடுத்த வாரமும் அளந்தாள். 978 ஆகவே வந்தது.

இதற்கிடையே உலகம் முழுவதும் பூபௌதிக ஆண்டு என்று ஒன்று அறிவித்திருந்தார்கள். உங்கள் கல்லூரி செய்யும் ஆராய்ச்சி என்ன என்று கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை பௌதிகத் துறை செய்த ஒரே ஆராய்ச்சி, காணாமல் போன திருகு அளவி எங்கே என்பதுதான். பேராசிரியர் இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினார்: "சேலத்தில் ஈர்ப்பு மிகுதி, எட்டாண்டு இடையறாத ஆய்வு." அதை உறுதிப்படுத்த ஒரு குழுவும் அமைத்தார்.

குழுவுக்கு அவர் தலைவர். தமிழ்ப் பண்டிதர், தாவரவியல் விரிவுரையாளர், தேகப்பயிற்சி ஆசிரியர் மூவரும் உறுப்பினர்கள். தேகப்பயிற்சி ஆசிரியரைச் சேர்த்ததற்குக் காரணம், பௌதிகத் துறைக்கு வெளியே ஸ்டாப் வாட்ச் அவரிடம் மட்டுமே இருந்தது. மிக்கேல் ஓட்டுரிமை இல்லாத காரியதரிசி.

"சேலத்தார் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். வந்தவரைப் போகவிட மாட்டார்கள். ஆகவே இவ்வூர் மண்ணுக்கும் ஈர்ப்பு மிகுதியாகத்தான் இருக்கும்" என்றார் பண்டிதர்.

"இந்த ஊர் மாம்பழம் காம்பு தாங்காமல் பொத்துப் பொத்தென்று விழுகிறது. நான் இத்தனை காலம் பூச்சி என்று நினைத்திருந்தேன்" என்றார் தாவரவியல்.

தேகப்பயிற்சி ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு வருஷமாக நம்ம பையன்கள் உயரம் தாண்டுவதில் தோற்கிறார்கள். பிரின்சிபால் என்னைத் திட்டாத நாளில்லை. இப்போதல்லவா புரிகிறது! இனி நமக்கு அரை அங்குலம் சலுகை தர வேண்டும்."

ஓட்டெடுப்பு நடந்தது. 987 ஏகமனதாக நிறைவேறியது. அரை அங்குலச் சலுகை கேட்டு ஒரு துணைத் தீர்மானமும் நிறைவேறியது. மிக்கேல் இரண்டையும் பதிவு செய்து, காரியதரிசி என்று போட்டுக் கையெழுத்திட்டான். "அளந்து பார்க்கலாமே சார்" என்று ஒரு முறை சொன்னான். "ஓட்டெடுப்பு முடிந்த பிறகு அளப்பது குழுவை அவமதிப்பதாகும்" என்றார் பேராசிரியர்.

நவம்பரில் 'ஈர்ப்பு ஆராய்ச்சி மையம்' திறப்பு விழா. மையம் என்பது பழைய சைக்கிள் கொட்டகைக்கு வெள்ளையடித்துப் பலகை மாட்டியது. ரிப்பன் வெட்ட வந்த ஜில்லா அதிகாரி ஒருவர் உணர்ச்சியோடு பேசினார்: "ருஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்டிருக்கிறான். அது நம் சேலத்துக்கு மேலே வரும்போது கொஞ்சம் தணிந்துதான் போயாக வேண்டும். இது ஜில்லாவுக்கே பெருமை. ஆனால் அதிகப்படியான இந்த ஈர்ப்பை வீணாக்காமல் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் 'சேலத்தில் எடை அதிகம்' என்று தலைப்பு வந்தது.

அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வந்தார். ஜவ்வரிசி மில் முதலாளி அம்மாசி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பத்திரிகையும் இருந்தன.

"அய்யா, நான் கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்புறேன். இங்க எடை போட்டு அனுப்பினா அங்க நூத்துக்கு ஒண்ணு கொறையுதுன்னு காயிதம் மேல காயிதமா போடுறான். என்னைத் திருடன்ங்கிறான். இப்பத்தானே வெசயம் தெரியுது! நம்ம ஊர்ல இழுப்பு ஜாஸ்தி, அங்க கம்மி. ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

பேராசிரியர் சிலிர்த்துப் போனார். அவருடைய ஆராய்ச்சியை முதன்முதலாக ஒரு மனிதன் நம்புகிறான். நூற்றுக்கு ஒன்று என்பது கணக்குக்கும் கிட்டத்தட்ட ஒத்து வந்தது. முத்திரை குத்தி, சர்ட்டிபிகேட் கொடுத்தார். பதிலுக்கு அம்மாசி தம் மில்லில் அவருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். காரியதரிசி என்ற முறையில் மிக்கேலும் ஆத்தூருக்குப் போனான்.

மில் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்து, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. தராசடியில் நின்று மூட்டை எடை போடும் பொன்னாயி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, இந்த ஊர்ல மூட்டை ஜாஸ்தி கனக்குதுன்னு சொன்னீங்களே. எதிர்த் தட்டுல வைக்கிற எடைக்கல்லும் இதே ஊர்லதானே இருக்குது? அதுவும் சேர்ந்துதானே கனக்கும்?"

சர்ட்டிபிகேட் கொடுத்த நாளிலிருந்து தன் நாக்கின் நுனியிலேயே இருந்த கேள்வி வேறொருவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மிக்கேல் எழுந்து நிற்கப் பார்த்து, உட்கார்ந்துவிட்டான்.

பேராசிரியர் புன்னகை செய்தார். "நல்ல கேள்வி. ஆனால் அம்மா, எடைக்கல் சர்க்கார் முத்திரை குத்தியது. சர்க்கார் முத்திரை குத்திய பொருள் இஷ்டப்படி கனக்க முடியாது."

கைதட்டல் எழுந்தது. பொன்னாயி தராசடிக்குத் திரும்பிப் போகும்போது மிக்கேலின் பக்கமாக, "ஈரத்தோட மூட்டை புடிக்கிறாங்க, போற வழியில காயுது. இதுக்கு எதுக்கு இத்தனை பேரு வண்டி ஏறி வந்தீங்க?" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பேராசிரியர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். மிக்கேலுக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூலிக்கு மூட்டை நிறுக்கிற ஒருத்தி முதலாளியின் எதிரில் கேட்டதை, சம்பளம் வாங்கிக்கொண்டு பௌதிகம் சொல்லித்தரும் தான் கேட்கவில்லையே என்று நினைத்தான். மறுநாள் காலை சாரதாமணியின் நோட்டை வாங்கி, செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கப்படுகிறாள் என்று எழுதி, 'துறைத் தலைவருக்காக' என்று போட்டுத் தானே கையெழுத்திட்டான். மசி காய்வதற்குள் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே சார்?" என்றாள் அவள்.

"ஆகும்மா. பரவாயில்லை."

மூன்றாம் நாளே பேராசிரியர் மெமோ கொடுத்தார். 'பூமியின் ஈர்ப்புக்கு எதிராகச் செயல்பட்டதற்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' மிக்கேல் பதில் எழுதினான். பதில் பரிசீலனையில் இருந்தது; அது முடியும்வரை அவன் போட்ட கையெழுத்தும் செல்லுபடியாகும்.

மார்ச்சில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மெலிந்த, சாது மனிதர். முப்பது விடைத்தாளைப் புரட்டினார். இருபத்தொன்பதில் 987. ஒன்றில் மட்டும் 978. சாரதாமணியை மறுபடி செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று தாமே எண்ணினார். 978 தான் வந்தது. அவருடைய முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெல்லக் கறுத்தது. போன மூன்று வருஷமும் அதே கல்லூரிக்கு அவர்தான் எக்ஸாமினர். எண்ணிறந்த 987களுக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

"உன் அளவில் ஒரு தப்பும் இல்லை, அம்மா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்லி, அவள் முடிவை மட்டும் நிறுத்தி வைத்து விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பல்கலைக்கழகம் சங்கடத்தில் ஆழ்ந்தது. 987 தப்பு என்று சொன்னால், ஒன்பது வருஷமாகக் கொடுத்த பட்டமெல்லாம் என்ன ஆவது? அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பலர் உத்தியோகத்தில் இருந்தார்கள். சிலர் கல்யாணமே செய்துகொண்டுவிட்டார்கள். நான்கு முறை கூடிப் பேசிய பிறகு ஜூன் கடைசியில் உத்தரவு வந்தது. பிரின்சிபால் அதை ஆசிரியர் கூட்டத்தில் படித்தார்.

"சேர்வராயன் கல்லூரியில் பூமியின் ஈர்ப்பு 1958 ஜூலை முதல் தேதி முற்பகலிலிருந்து 978 ஆகக் குறைக்கப்படுகிறது. அதற்கு முன் தேர்ச்சி பெற்றவர்களைப் பொறுத்தமட்டில் ஈர்ப்பு 987 ஆகவே நீடிக்கும். மேற்படி தேதிக்கு முன்னால் எவரேனும் 978 கண்டிருந்தால் அது செல்லாது."

ஜூலை முதல் தேதி எந்தச் சேதாரமும் இல்லாமல் கழிந்தது. மாடிப்படி ஏறுவது லேசாக இருப்பதாக ரங்கன் சொன்னார். தேகப்பயிற்சி ஆசிரியர் மட்டும் இடிந்து போயிருந்தார். பேராசிரியர் சித்தேஸ்வரனுக்கோ கொண்டாட்டம். அவருடைய 987 தவறென்று யாரும் சொல்லவில்லை. இருந்தது, குறைந்துவிட்டது, அவ்வளவுதான். உடனே அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்: 'சேலத்தில் ஈர்ப்பு வீழ்ச்சி: காரணங்களும் தடுப்பு முறைகளும்.'

சாரதாமணிக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. அவள் மார்ச்சிலேயே 978 கண்டுவிட்டாள். மூன்று மாதம் முந்திவிட்டாள். ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பட்டம் தேறிய சான்றிதழைப் பத்து நாளுக்குள் காட்ட வேண்டும். உத்தரவின்படி அவள் தோல்வி. மிக்கேல் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னான். எக்ஸாமினருக்கு எழுதினான். இருவரும் மிகவும் வருத்தப்பட்டார்கள்.

ஜூலை மூன்றாம் தேதி சாரதாமணியே நோட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். மிக்கேலும் பின்னாலேயே போனான்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. ஜூலை ஒண்ணாந்தேதி காலைல ஒரே போடா ஒன்பது கொறஞ்சுதுன்னு சொன்னா, படிக்கறவங்க நம்புவாங்களாங்க?"

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு நாளாக அவரை வாட்டிக்கொண்டிருந்த கேள்வி அது. "அதுதானே! முன்னாலேயே குறைய ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் ஆதாரம் இல்லையே. எல்லாருடைய நோட்டிலும் 987 தானே இருக்கிறது."

"எம்பட நோட்டுல ஆகஸ்டு மாசமே 978ங்க."

"ஆகஸ்டிலேயேவா!" அவர் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்; வாராவாரம் தேதி போட்டு, மசி கலையாமல் இருந்தது. "நீ எந்த மேசையில் செய்தாய்?"

"சன்னலோரமுங்க."

"சன்னல் ஓரம்!" பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பார்த்தீரா மிஸ்டர் மிக்கேல்! ஈர்ப்பு முதலில் சன்னல் வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது! பிறகுதான் உள் மேசைகளுக்குப் பரவியிருக்கிறது! இந்த நோட்டு எனக்கு வேண்டும்."

"தாராளமா வெச்சுக்கோங்க. ஆனா நோட்டுல துறைத் தலைவர் கையெழுத்து இல்லீங்களே. கையெழுத்தில்லாத நோட்டை ஆதாரம்னு யாராச்சும் ஒத்துக்குவாங்களாங்க? அதுவுமில்லாம நான் பெயிலுங்க. பெயிலான புள்ளை அளந்ததை..."

அதற்கு மேல் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. பேராசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அன்றே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்: இந்த மாணவி பிழை செய்யவில்லை, ஈர்ப்பின் வீழ்ச்சியை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்திருக்கிறாள், அவளைத் தேர்ச்சி பெறாதவள் என்பது விஞ்ஞானத்துக்கே இழுக்கு. தப்பிக்க ஒரு வழி கிடைத்த ஆனந்தத்தில் பல்கலைக்கழகம் தந்தியிலேயே பதில் கொடுத்தது. சாரதாமணி முதல் வகுப்பில் தேறினாள். சன்னல் ஓரத்து மேசை மிக்கேலின் பொறுப்பில் இருந்ததால், அவன் மெமோ கிழிக்கப்பட்டு வேலையும் நிரந்தரமாயிற்று.

சான்றிதழ் வாங்க வந்த அன்று அவளை மிக்கேல் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டான்.

"சன்னல் கதையை எப்படிம்மா ஜோடிச்சே?"

"நான் எங்கீங்க சார் ஜோடிச்சேன்? எந்த மேசைன்னாரு, சன்னலோரம்னேன். சன்னலோரந்தானுங்களே!"

ராசிபுரம் பஸ் வந்தது. "போயிட்டு வாரேனுங்க சார்" என்று ஏறிக்கொண்டாள்.

மறுநாள் புது வகுப்பு. முப்பது பேர் ஊசலுக்கு முன்னால் நின்றார்கள். முன்வரிசையில் ஒருவன் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு, "சார், எவ்வளவு வரோணுங்க?" என்று கேட்டான்.

மிக்கேல் ஒரு கணம் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஆட்டி விட்டு எண்ணுங்க. எவ்வளவு வருதோ அதை எழுதுங்க."

வகுப்பில் ஒரு கலக்கம் ஏற்பட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பென்சில்காரன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"சார், அது சிலபஸ்ல இருக்குதுங்களா?"